நேர்ச்சை ஓட்டம்

எங்கள் தெருவில் ஒருவர் ஓடினால், "இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் நாலு பேர் ஓடி வருவார்கள். காரணம் இல்லாமல் அங்கே யாரும் ஓடிப் பார்த்ததில்லை. என் தம்பி முதன்முதலாக அரைக்கால் சட்டையும் புது ஷூவுமாகக் காலையில் கடற்கரைச் சாலைப் பக்கம் ஓடியபோது, மீன் கூடையோடு போன பெண்கள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விசாரித்தார்கள். வீட்டில் சண்டையா, வேலை போய்விட்டதா, யாராவது அடிக்க வந்தார்களா என்று கேட்டார்கள். அம்மா "ஒடம்புக்காக ஓடறான்" என்றாள். அவர்கள் நம்பவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் என் தம்பிக்கு ஏதோ காதல் தோல்வி என்று தெருவே முடிவு செய்துவிட்டது.

மயிலாப்பூரின் கிழக்கு ஓரத்தில், கடலுக்கும் கோவிலுக்கும் நடுவில் இருப்பவை எங்கள் தெருக்கள். கோவில் என்று நான் சொல்வது மாதா கோவிலை. தெருவில் பாதிப் பேர் வாத்தியார், நர்ஸ், ஆபீஸ் வேலை. மீதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், மீன் விற்கிறவர்கள். எல்லாருக்கும் ஒரே தொட்டியில்தான் ஞானஸ்நானம், ஒரே மணியில்தான் சாவுச் செய்தி. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் சுக்குத் தண்ணீர் கொதிக்கும். அதை அன்பு என்றுதான் என் வயதில் பெரும்பகுதி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அபிராமபுரத்தில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

வீட்டில் அம்மா, நான், தம்பி. எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பதற்கு எங்கள் தெருவில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. தம்பி தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப்புடவை மாடிக்கு சூப்பர்வைசர். நாள் முழுக்க நிற்கிற வேலை. நாள் முழுக்க நிற்கிறவன் காலையில் எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டேன். "நிக்கறதுனாலதாங்கா ஓடறேன்" என்றான். இரண்டு வருஷத்தில் அவன் முழு மாரத்தான் ஓடுகிறவனாகிவிட்டான். ஓடிவிட்டு வந்து மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சாப்பிட உட்காருவான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கழுத்துல இன்னாடா மாட்டுப் பொங்கலா?" என்பாள்.

என்னையும் விடவில்லை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடற்கரைக்கு இழுத்துப் போனான். முதலில் நடை, அப்புறம் நடையும் ஓட்டமும், அப்புறம் மூச்சிரைக்க ஓட்டம். அடுத்த மாரத்தானுக்கு இரண்டு பேர் பெயரையும் பதிந்தான். அவன் முழு மாரத்தான், நான் பாதி. "பாதி போதும்டா, நான் பாதி மனுஷிதான்" என்றேன். அவன் சிரித்தான், சிரித்தவுடன் இருமினான். அந்த இருமலை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் எங்கள் கோவில் பங்கிலிருந்து ஒரு கூட்டம் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும். நேர்ச்சை வைத்தவர்கள் போவார்கள். பிள்ளை வரம், வேலை, நோய், கோர்ட்டுக் கேஸ் என்று எதற்காகவும் இருக்கலாம். நேர்ச்சை நடையில் இருப்பவரிடம் சாவுச் செய்தியைச் சொல்லக் கூடாது. சொந்த வீட்டுச் சாவானாலும் சொல்லக் கூடாது. அவர் போய்ச் சேர்ந்து, மெழுகுவத்தி ஏற்றி, முழங்காலில் நின்று எழுந்த பிறகுதான் சொல்ல வேண்டும். நடுவில் சொன்னால் நேர்ச்சை முறியும், யாருக்காக நடக்கிறாரோ அவருக்கே கேடு என்று நம்பிக்கை. கோடி வீட்டு மாமா ஒருமுறை அப்படி நடந்துகொண்டிருந்தபோது அவருடைய அப்பா இறந்துவிட்டார். கூட நடந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். வழி நெடுக அவரோடு ஜோக் அடித்துக்கொண்டே போனார்கள். இதையும் நான் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு அழகான மனுஷர்கள் என்று டீச்சர்கள் வாயைப் பிளந்தார்கள்.

தம்பிக்கு வந்தது நுரையீரல் இறுகிப்போகிற வியாதி. எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பீடி சிகரெட் தொட்டதில்லை. ஜவுளிக் கடைத் தூசியா என்று கேட்டேன், டாக்டர் தோளைக் குலுக்கினார். கடற்கரைச் சாலை முழுக்க ஓடினவன் மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்தான். அப்புறம் குளியலறைக்குப் போய் வருவதே ஒரு பயணமாகிவிட்டது. மூச்சு அவனுக்கு ஒரு வேலையாகிவிட்டது. மாரத்தானுக்கு இன்னும் சில வாரம் இருக்கும்போது அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாய். பிறகு முகத்தில் மூடி.

அப்போதுதான் அம்மா அந்த நேர்ச்சையை வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"மாதா கிட்ட வேண்டிக்கினேன். அவன் ஓட இருந்த ஓட்டத்த இந்த வீட்டுல ஒருத்தர் ஓடி முடிக்கறோம், புள்ளைய எழுப்பி உட்டுடுன்னு."

"இந்த வீட்டுல ஒருத்தர்னா யாரு? நீயா?"

"நீதாண்டி. எனக்கு முட்டி இன்னா நெலமையில கீது, தெரியாதா?"

வேண்டுதல் அவளுடையது, கால் என்னுடையது. கத்தினேன். அவன் படுத்துக் கிடக்கும்போது நான் ரோட்டில் ஓடிக்கொண்டிருப்பதா, அதுவும் முழு தூரமா, எனக்கு என்ன வயது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்றெல்லாம் கத்தினேன். அம்மா அழவில்லை. அடுப்படிக்குப் போய் அவனுக்குக் கஞ்சி வைக்க ஆரம்பித்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு நேர்ச்சையில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், டாக்டர் மேல் இருந்த அளவுக்கு இருந்தது. அதாவது, வேறு எதுவும் மிச்சம் இல்லாதவளுக்கு இருக்கிற அளவுக்கு. பாதியை முழுதாக மாற்றிக்கொண்டேன்.

தம்பிக்கு இது தெரிந்ததும் அந்த மூடிக்குள் சிரித்தான். அப்புறம் தினமும் எனக்கு வகுப்பு எடுத்தான். நாலு வார்த்தை பேசுவான், மூச்சு வாங்குவான், மறுபடி நாலு வார்த்தை. எங்கே மெதுவாகப் போக வேண்டும், எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும், தரமணிப் பக்கம் நிழலே இருக்காது, அங்கே யாரோடாவது பேசிக்கொண்டே போ. சனிக்கிழமை சாயங்காலம் அவன் கொஞ்சம் தெளிவாக இருந்தான். ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்த டி-ஷர்ட்டை அம்மா அவன் மேல் போர்த்தியிருந்தாள். பெரிய டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

உள்ளே வந்து, "நான் போகலடா, இங்கேயே இருக்கேன்" என்றேன்.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "போக்கா. பாலத்து மேல... ஏறும்போது வேகம் போடாத. எடது பக்கம் பாரு. ஆறு கடல்ல சேர்ற எடம். அப்பதான் சூரியன் வரும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "போன எடுத்துக்கினு போகாத. அத நோண்டிக்கினே ஓடுவ. எல்லாத்தையும் பாத்துட்டு வந்து எனக்கு சொல்லு."

"மெடலோட வரேன்" என்றேன்.

"சீக்கிரம் வா."

எனக்கு இருந்தது அந்த ஒன்றுதான். மாதாவுக்காக ஓடவில்லை, அம்மாவுக்காகவும் இல்லை. ஓடி முடித்து, அவனிடம் போய், பார்த்ததையெல்லாம் சொல்ல வேண்டும். அதற்குள் அவன் போய்விடக் கூடாது. அவ்வளவுதான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஓட்டக்காரர்கள் எல்லாரும் கிளம்பினோம். ஒலிபெருக்கியில் பாட்டு காதைக் கிழித்தது. சுற்றிலும் பையன்கள் "வா மச்சி, வா மச்சி" என்று ஒருவரையொருவர் தட்டிக்கொண்டு பறந்தார்கள். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குப் பின்னால் சொற்பப் பேர்தான். கடற்கரைச் சாலை முடிந்து எங்கள் தெருமுனை வந்தபோது இன்னும் முழுதாக வெளுக்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ரோட்டோரத்தில் நின்றார்கள். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களை வழியனுப்புவதுபோல வந்திருந்தார்கள். குளுக்கோஸ் தண்ணீர், ஆரஞ்சுச் சுளை, முட்டிக்குத் தைலம். என் அத்தை தூக்குப் பாத்திரத்தில் இட்லியே கொண்டு வந்திருந்தாள்.

"அத்தை, ஓடும்போது இட்லி சாப்பிட முடியாது."

"நின்னு சாப்ட்டுட்டு ஓடு. யாரு இன்னா கேக்கப் போறாங்க?"

பக்கத்தில் ஓடிய ஒரு ஐ.டி. பையன் அத்தையிடம் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டு ஓடினான். ஒவ்வொரு முனையிலும் ஒருவர் செல்போனோடு நின்றார். நான் தாண்டியதும் ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவுக்குச் சொல்வார்கள், அம்மா தம்பியிடம் சொல்வாள். ஏற்பாடு அது. எனக்குத் தெரிந்துதான் செய்தார்கள். எவ்வளவு ஒத்தாசையான ஜனம் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவன் சொன்னபடி வேகத்தைக் குறைத்தேன். இடது பக்கம் பார்த்தேன். ஆறு கறுப்பாக, நாற்றத்தோடு, அகலமாகக் கிடந்தது. தூரத்தில் மணல்திட்டுக்கு அப்பால் கடல். சூரியன் பாதி வந்திருந்தது. நாற்றமெடுத்த அந்தத் தண்ணீர் மொத்தமும் ஒரு நிமிஷம் செம்பு நிறமாகிவிட்டது. கொக்குகள் வரிசையாக நின்றன. இவன் தினமும் இதைப் பார்த்துவிட்டு வந்துதான் வாய் மூடி இட்லி சாப்பிட்டிருக்கிறான் என்று நினைத்தேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். முதலில் நாற்றம், அப்புறம் கொக்கு, கடைசியில் செம்பு.

அடையாறில் ஆஸ்பத்திரித் தெரு முனையில் பெரியம்மா மகன் நின்றிருந்தான். எனக்கு அண்ணன் முறை. பைக்கின் மேல் சாய்ந்துகொண்டு, "இன்னா டீச்சர், பசங்க எல்லாம் முன்னாடி பூட்டாங்களே, நீ மட்டும் வாக்கிங் வந்துக்கினு கீற?" என்றான்.

"அவன் எப்படி இருக்கான்?"

"முழிச்சிக்கினுதான் கீறான். நீ பாலம் ஏறிட்டேன்னு சொன்னதும் கட்ட வெரலத் தூக்கிக் காட்னானாம்."

"சூரியனைப் பார்த்தேன்னு சொல்லு."

"அத நீயே வந்து சொல்லு. ஓடு, ஓடு."

அதற்கப்புறம் தரமணி. அவன் சொன்னது பொய்யில்லை, நிழலே கிடையாது. கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலை வாங்கி முகத்தில் அடித்தன. திரும்பும் இடத்துக்குப் போகும்போதே முன்னால் போனவர்கள் எதிர்ச்சாரியில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பிறகு அவர்களும் தீர்ந்துபோனார்கள். பெருவிரல் நகத்துக்குக் கீழே ஏதோ உடைந்து ஷூ ஈரமாகிவிட்டது. ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்காக. பாதி நேரம் நொண்டிக்கொண்டு நடந்தேன். பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வந்தது. முடியாதவர்களை ஏற்றிக்கொள்கிற வேன். அதில் இருந்த பெண் தலையை நீட்டி, "ஆன்ட்டி, ஏறிக்கங்க, ரோடு திறக்கப் போறாங்க" என்றாள். முடியாது என்றேன். மறுபடியும் கேட்டாள். என் பள்ளிக்கூடக் குரலில் ஒரு அதட்டல் போட்டேன். வேன் என்னைத் தாண்டிப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ரோட்டைத் திறந்துவிட்டார்கள். பஸ்ஸும் ஆட்டோவும் என்னை உரசிக்கொண்டு போயின. நான் நடைபாதையில் ஏறிக்கொண்டேன். அந்த நீளமான வெயிலில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. அங்கே எங்கோதான் அது நடந்திருக்கிறது. எனக்கு ஒரு சின்ன உறுத்தல்கூட வரவில்லை. ரத்த பாசம், உள்மனசு என்றெல்லாம் சொல்கிறார்களே, எல்லாம் சும்மா. அவன் செத்துக்கொண்டிருந்தபோது நான் என் கால் நகத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி அடையாறு வந்தபோது எனக்கு உடம்பில் எதுவும் மிச்சமில்லை. ஆஸ்பத்திரித் தெரு முனை தெரிந்தது. அங்கிருந்து உள்ளே நாலு கட்டடம். போதும் என்று தோன்றியது. மாதா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், மெடல் இல்லாமலே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கையும் செம்பையும் சொல்லிவிடலாம். அண்ணன் அதே இடத்தில் நின்றிருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அவன் கண்ணாடி போட்டு நான் பார்த்ததில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணே, போதும். நான் அவன்கிட்ட போறேன்."

அவன் பைக்கை விட்டு வந்து என் முன்னால் நின்றான். "இப்ப உள்ள உடமாட்டாங்க. டாக்டருங்க ரவுண்ட்ஸ் வந்துக்கினு கீறாங்க."

"வெளியில உட்கார்ந்திருக்கேன்."

"இவ்ளோ தூரம் வந்துட்ட. இன்னும் கொஞ்சம்தான் கீது. முடிச்சிட்டு வா தாயி. அவனுக்காக முடிச்சிடு."

தோளைப் பிடித்து என்னை வடக்குப் பக்கம் திருப்பிவிட்டான். என்னை எப்போதும் டீச்சர் என்று கேலி செய்கிறவன் தாயி என்று கூப்பிட்டதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவனுக்காக என்று சொன்னதும் கால் தானாக நகர்ந்தது.

பாலம் தாண்டிப் பட்டினப்பாக்கம் வந்தேன். அங்கே எங்கள் ஆட்கள் காத்திருந்தார்கள். காலையில் நின்றதைவிட அதிகம் பேர். என்னைப் பார்த்ததும் கை தட்டினார்கள், விசிலடித்தார்கள், பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அதோடு நிற்கவில்லை. என்னோடு நடக்க ஆரம்பித்தார்கள். மீன் வெட்டுகிற பெண்கள், கோவில் பாடகர் குழு, கோடி வீட்டு மாமா, எனக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்த சிஸ்டர், எல்லாரும். அத்தை என் பக்கத்திலேயே நடந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சில பேர் அழுதார்கள். என் பெருமையைப் பார்த்து அழுகிறார்கள் என்று நினைத்தேன். இந்தத் தெருவில் நாற்பது வயதுக்கு மேல் கல்யாணமாகாத ஒருத்தியைப் பார்த்து யாரும் பெருமைப்பட்டதில்லை. பரிதாபப்பட்டிருக்கிறார்கள், வரன் சொல்லியிருக்கிறார்கள். ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி எனக்கு வழி விட்டது அன்றைக்குத்தான். நான் கையை ஆட்டினேன். சிரித்தேன். சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதுவதாக இருந்தால் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

கடற்கரைச் சாலையில் முடிகிற இடத்தில் வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு மெடலை எடுத்து என் கழுத்தில் போட்டாள். நான் ஆட்டோவுக்குக் கை நீட்டி, "அடையாறு" என்றேன். அத்தை ஏறி உட்கார்ந்து, "கோவிலுக்குப் போ நைனா" என்றாள் டிரைவரிடம். "மொதல்ல வத்தி ஏத்திட்டுப் போலாம்டி. ஒங்கம்மா நேர்ச்ச." நான் சண்டை போடவில்லை. ஐந்து நிமிஷ வேலை, முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

மாதா பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றினேன். முழங்கால் மடங்கவில்லை, அத்தையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பிள்ளையை எழுப்பிவிடு என்று கேட்டேன். அம்மா சொல்லச் சொன்ன அதே வார்த்தைகளில் கேட்டேன். எழுந்து வெளியே வந்தேன். என்னோடு நடந்து வந்த அத்தனை பேரும் கோவில் முற்றத்தில் நின்றிருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை.

மேலே மணி அடித்தது. ஒரு அடி. அது முழுதாக ஓய்ந்த பிறகு இன்னொரு அடி. துக்க மணி. எங்கள் பங்கில் யாராவது இறந்தால், செய்தி வந்தவுடனே அடிப்பது. சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டதும் வாய் தானாகக் கேட்டுவிடும்.

"யாருக்கு?"

கோடி வீட்டு மாமாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை என் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மணியை எனக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் தரமணியில் இருந்தபோது அடித்திருக்க வேண்டிய மணி அது. காலையிலிருந்து மணிக்காரர் கயிற்றைப் பிடிக்காமல் காத்திருந்திருக்கிறார்.

ஓடினேன். அன்றைக்கு உண்மையில் நான் ஓடியது கோவிலிலிருந்து எங்கள் வீடு வரைக்கும்தான். பின்னால் நாலு பேர் ஓடி வந்தார்கள். இன்னா ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது, அவனை இறக்கினார்கள். அந்த டி-ஷர்ட் மேலேயே இருந்தது. கொக்கையும் செம்பையும் அவன் காதில் சொல்ல வேண்டும் என்று குனிந்தேன். மூக்கில் குழாய் பதிந்த கோடு இன்னும் இருந்தது. சொல்லாமலே நிமிர்ந்தேன். இன்று வரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவை.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மெடலைக் காணோம். அம்மா அதை மாதா பீடத்துக் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். வெள்ளிக் கண், வெள்ளிக் கால், வெள்ளித் தொட்டில், அவற்றுக்கு நடுவில் என் மெடல். நேர்ச்சை நிறைவேறியதற்கு நன்றிக் காணிக்கை. எதற்கு நன்றி என்று கேட்டேன். நாம் சொன்னதை நாம் செய்துவிட்டோம், அது போதும் என்றாள். எழுப்பிவிடு என்றுதானே கேட்டாய் என்றேன். பீடத்தின் முன்னாலேயே கத்தினேன். பாடகர் குழு பாட்டை நிறுத்தாமல் கொஞ்சம் சத்தமாகப் பாடினார்கள். எங்கள் ஜனம் எல்லாவற்றுக்கும் ஒத்தாசை செய்யும்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போகிற மாதிரியும் தெரியவில்லை. மீன் வாங்கப் போனால் வெட்டிக் கொடுக்கிற கை அன்றைக்குக் கை தட்டின கை. அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. வந்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. வழக்கப்படிதான் செய்தார்கள். நான் போயிருந்தாலும் அவன் உயிரோடு இருந்திருக்க மாட்டான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் குரல் மென்மையாக இருந்தது.

"நீ நெனைக்கற மாதிரி அவன் ஏங்கிப் போவலடி. நிம்மதியாத்தான் போனான்."

நான் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினேன்.

"மூச்சு ரொம்ப இழுத்துச்சு. அக்கா எங்க கீறான்னு கேட்டான். வாயால கேக்கல, கண்ணால. நீ தரமணியில கீறேன்னு எப்படிச் சொல்றது? அக்கா முடிச்சிட்டாடா, மெடல் வாங்கிட்டா, வந்துக்கினே கீறான்னு சொன்னேன்."

முறத்தை ஒரு தடவை தட்டினாள்.

"மூஞ்சி அப்படியே மலர்ந்துடுச்சு."

"அப்புறம்?"

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"அப்புறம் இன்னா. கதவையே பாத்துக்கினு இருந்தான்."